சாமித்தட்டில் இருந்த பேஸ்போல்காரர்

உங்களில் பலருக்கும் என்னைப்போல இப்போது முழங்கால் பேசத் தொடங்கியிருக்கும். சப்வே படியில் இறங்கும்போது ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாராவது தெரிந்தவர்கள் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான். போன மாதம் ரீவியில், நகரத்து பேஸ்போல் அணியின் பழைய ஆட்டக்காரர்களை மைதானத்துக்கு அழைத்துக் கௌரவித்தார்கள். வெள்ளைத் தாடியும் தொந்தியுமாக ஒருவர் இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, தொப்பியைக் கழற்றி அசைத்தார். பெயரைச் சொல்லும்வரை எனக்கு ஆள் பிடிபடவில்லை. சொன்னதும் சோபாவிலிருந்து எழும்பி நின்றுவிட்டேன்.

"அம்மா, ஆர் யூ ஓகே?" என்று மகள் கேட்டாள்.

அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் ஒரு கோடையில் பிள்ளையாரோடு இருந்த மனிதர் அவர். உங்களுக்கென்றால் விளங்கும். நீங்களும் அந்தக் காலத்து அப்பார்ட்மென்ற் பிள்ளைகள்தானே.

அப்போது எனக்குப் பதினொரு வயது. கனடாவுக்கு வந்து, வெக்ஸ்போர்ட்டில் இரண்டு அறை வீடு. அம்மா, அப்பா, நான், அம்மாவின் தங்கையான சின்னம்மா. அப்பாவுக்குப் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. பகலில் தலையணையைக் காதில் அமர்த்திக்கொண்டு தூங்குவார், ஆகவே இந்தக் கதையில் அவர் வரமாட்டார். வீட்டில் எது நடப்பதென்றாலும் மாமாதான் ஓமென்று சொல்லவேண்டும். அவர் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மூத்த அண்ணன். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், கிளாக்கராக இருந்தவர். எதையும் ஒருமுறை கண்ணாடி போட்டும் ஒருமுறை கழற்றியும் பார்த்த பிறகுதான் நம்புவார். சாதகம் பார்க்கிற சாத்திரியாரைக் கேட்காமல் சப்பாத்துக்கூட வாங்கமாட்டார் என்று சின்னம்மா பகிடி பண்ணுவார், மாமா இல்லாத நேரத்தில்.

சின்னம்மாவுக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. செவ்வாய் தோஷம் என்று சொல்லி, பேசிவந்த சம்பந்தங்கள் எல்லாம் கதவடிவரை வந்து திரும்பிப் போயின. சின்னம்மா அதற்காக மூலைக்குள் இருந்து அழுகிற ஆள் இல்லை. மருந்துப் போத்தல்களுக்கு மூடி போடுகிற தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கேதான் அவருக்கு பேஸ்போல் பைத்தியம் தொற்றியது.

தொற்றவைத்தவர் அங்கே ஃபோக்லிஃப்ற் என்கிற சாமான் தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஓர் அண்ணா. மன்னார்ப் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவர். ஃபோக்லிஃப்ற்றின் தலையில் ஒரு சின்ன றேடியோவைக் கம்பியால் கட்டிவைத்து, மத்தியான மட்ச்சுகளை எல்லோருக்கும் கேட்கப் போடுவார். நான் அவரை றேடியோ அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். சனி, ஞாயிறுகளில் எங்கள் இரண்டு பேரையும் தன் பழைய காரில் ஸ்ரேடியத்துக்குக் கூட்டிப்போவார். ஆக மலிவான இருக்கைகள், உச்சித் தட்டில், இடது பக்கம். கீழே பச்சைப் புல்லில் எங்களுக்கு நேரே ஒரு ஆள் தனியாக நிற்பார். அவர்தான் நம் கதாநாயகர், லெஃப்ட் ஃபீல்ட்காரர்.

கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டுப் பக்கம் நிற்கிற ஆளைப்போலத்தான் அவருடைய வேலையும். தூர அடித்த பந்தை ஓடிப் பிடிக்கவேண்டும். அவருடைய சரித்திரத்தை றேடியோ அண்ணா கேட்டுக் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தார். கரீபியன் பக்கத்துத் தீவொன்றில் பிறந்தவர். பால் வருகிற அட்டைப்பெட்டியை வெட்டிக் கையுறை செய்து விளையாடிய பிள்ளை. மீசை அரும்புகிற வயதில், ஆங்கிலம் ஒரு சொல் தெரியாமல், அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர் அணிக்கு வந்து சேர்ந்தார். கடையில் பெயர் சொல்லிச் சாப்பாடு கேட்கத் தெரியாதபடியால், முதல் நாள் படத்தைக் காட்டி வாங்கிய கோழிப் பொரியலையே அந்தக் கோடை முழுவதும் சாப்பிட்டாராம். பிறகு பெரிய அணிக்கு ஏறினார். ஏறினவரை ஒரு இடத்தில் இருக்கவிட்டார்களா? இந்த அணி அந்த அணிக்குக் கொடுக்கும், அந்த அணி வேறு அணிக்குக் கொடுக்கும். எங்கள் நகரத்துக்கு வரும்போது அவருக்கு முழங்கால் பழுதாகி, தலையும் நரைக்கத் தொடங்கிவிட்டது.

அம்மாவுக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் அறவே பிடிக்கவில்லை. "மனிசரை மாடு கண்டு மாதிரி மாத்துறதோ? பெண்சாதி பிள்ளையளிட்டை ஒரு சொல்லுக் கேக்கமாட்டினமோ?" என்று ரீவியோடு சண்டை பிடிப்பார்.

சின்னம்மாவோ, "அவரும் எங்களைப்போலதான் அக்கா. பெட்டியை அவிட்டு உடுப்பை மடிச்சு வைக்க முதல் அடுத்த இடம்" என்பார். அதனாலேயே அவர் மீது எங்களுக்கு ஒரு வாரப்பாடு. உச்சித் தட்டிலிருந்து சின்னம்மா தமிழில்தான் கத்துவார். "அவசரப்படாதேங்கோ ஐயா! காலைப் பாத்து!" கீழே அவருக்கு ஒரு மண்ணும் கேட்டிருக்காது. முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்தக் கோடையில் எனக்கும் ஒரு கையுறை கிடைத்தது. யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான்களோடு போட்டிருந்தது. தோல் காய்ந்து கருவாடு மாதிரி இருந்தது. எண்ணெய் பூசினால் இளகும் என்று றேடியோ அண்ணா சொன்னார். என்ன எண்ணெய் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் நல்லெண்ணெய். சின்னம்மாவும் நானும் பல்கனியில் இருந்துகொண்டு குழந்தைக்குத் தேய்ப்பதுபோல அதற்குத் தேய்த்து, வெயிலில் காயவிட்டோம். கையுறை அருமையாக இளகிவிட்டது. ஆனால் போட்டுக்கொண்டு வெளியே போனால் சனிக்கிழமை முழுக்கு வாசம் அடிக்கும். எறும்பு வேறு. ஒருநாள் அம்மா அதைக் குசினியில் கண்டுவிட்டு, சூட்டுக்குப் பிடிக்கிற கையுறை என்று எண்ணி இடியப்பப் பானையை இறக்கினார். "நல்ல சாமான், கை சுடேல்லை" என்று சொன்னதோடு அது பாதி நேரம் குசினியில் தொங்கத் தொடங்கியது. கார் பார்க்கிங்கில் நாங்கள் விளையாடும்போது நான் பந்தை அடித்துவிட்டு, பேஸ்போலில் உடனே கீழே போடவேண்டிய 'பற்' மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடுவேன். கிரிக்கெட் இரத்தம், விடுமா? பக்கத்துக் கட்டடத்துப் பிள்ளைகள் பயந்து விலகுவார்கள். அந்தக் கையுறை எங்கே போனதென்று தெரியவில்லை. இப்போது கிடைத்தால் நான் முதலில் முகர்ந்துதான் பார்ப்பேன்.

சரி, சங்கதிக்கு வருகிறேன். சின்னம்மா றேடியோ அண்ணாவைக் கட்டவேண்டும் என்று மனதுக்குள் முடிவெடுத்திருந்தார். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? றேடியோ அண்ணா மூன்று பேருக்கும் ஒரே ஒரு பொப்கோர்ன் பெட்டி வாங்குவார். அதை என் மடியில் தராமல், தனக்கும் சின்னம்மாவுக்கும் நடுவில் வைப்பார். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதற்குமேல் என்ன சொல்லவேண்டும்? ஆனால் மாமாவிடம் யார் சொல்வது? சைவக் குடும்பம், சாதகம் பார்க்கிற அண்ணன், பெடியனோ வேதம். மாமா மாட்டேன் என்றால் அம்மாவும் மாட்டேன் என்பார். அவர்கள் இருவரையும் முறித்துக்கொண்டு போகிற நெஞ்சுரம் சின்னம்மாவுக்கு இல்லை. அதற்கிடையில் மாமா, யூனியன்வில்லில் வீடு வாங்கிவிட்ட ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டார். அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருவார்கள் என்று நாளும் குறித்துவிட்டார்.

அதே கிழமைகளில் லெஃப்ட் ஃபீல்ட்காரருக்கும் கெட்ட காலம். அடிக்கப் போனால் பந்து பற்றில் படவே இல்லை. அடுத்த வருடம் அவரை வைத்திருக்கமாட்டார்கள் என்று றேடியோவில் கதைத்தார்கள். சின்னம்மா என்னிடமிருந்த அவருடைய கார்டைக் கேட்டு வாங்கினார். உங்களுக்கு நினைவிருக்கும், சூயிங்கம்மோடு வருகிற பேஸ்போல் கார்டு. முன்பக்கம் ஆளின் முகம், பின்பக்கம் ஆளின் விபரம். அதைத் தன்னுடைய சாதகக் குறிப்பு இருந்த உறைக்குள் வைத்து, விபூதி தூவி, சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குக் கீழே செருகினார்.

"எனக்கும் அவருக்கும் ஒரே கிரகம்தான் பிடிச்சிருக்கு. ரெண்டு பேரையும் சேத்துப் பாக்கட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமா வந்தார். சின்னம்மா வேலையால் வந்திருக்கவில்லை. அம்மா குளித்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்துவிட்டு ரீவிக்கு முன்னால் போய்விட்டேன். மாமா தானாகவே சாமித்தட்டிலிருந்து உறையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யூனியன்வில் ஆட்களுக்குக் கொடுக்கவேண்டிய குறிப்பு அல்லவா.

அதற்குப் பிறகு நடந்ததை மாமாவின் வாயாலேயே நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பஸ்சில் இருந்துகொண்டு உறையைத் திறந்தாராம். சின்னம்மாவின் குறிப்போடு ஒட்டிக்கொண்டு, விபூதி படிந்து, ஒரு ஆம்பிளையின் படம். மாநிறத்துக்கு மேலே கொஞ்சம் கறுப்பு, கட்டை மீசை, தலையில் தொப்பி, உடம்பில் சீருடை. ஓகோ, செக்கியூரிட்டி வேலை போல என்று நினைத்தார். அந்தக் காலத்தில் நம்மவர்களில் பாதிப் பேர் அந்தத் தொப்பியோடுதானே நின்றார்கள். பெயரைப் பார்த்தார். எங்கள் வேதக்காரர்களுக்கு இருப்பதுபோலவே போர்த்துக்கீசச் சாயலில் ஒரு பெயர். திருப்பினார். பிறந்த திகதி, பிறந்த ஊர், உயரம், நிறை, எல்லாம் முறையாக அச்சடித்திருந்தது. ஊருக்கு ஒரு புனிதரின் பெயர். அதற்குக் கீழே கட்டம் கட்டமாக இலக்கங்கள்.

கல்யாணக் குறிப்பு! கனடாவில் இப்போது இப்படித்தான் அச்சடிக்கிறார்கள் போலும் என்று மாமா முடிவு கட்டிவிட்டார். அதை ஏன் தங்கச்சி தன் குறிப்போடு சேர்த்துப் பிள்ளையாரின் காலடியில் வைத்தாள்? அதை விளங்கிக்கொள்ளக் கச்சேரி உத்தியோகம் தேவையில்லை.

மாமா கோபத்தோடு வீட்டுக்குத் திரும்பி வந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவரைத் தெரிந்த எவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவரோ பஸ்சை விட்டு இறங்கி, வேறு பஸ் ஏறி, நேரே சாத்திரியார் வீட்டுக்குப் போனார். இரண்டு குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பிறந்த நேரம் போடேல்லையே" என்றார் சாத்திரியார்.

"வேதக்காரர். குறிச்சிருக்கமாட்டினம்" என்றார் மாமா.

சாத்திரியார் திகதியை வைத்துக் கணக்குப் போட்டார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே இருந்த கட்டங்களை ஆராய்ந்தார். வருடத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு ஊரின் பெயர். "அடிக்கடி கொம்பனி மாறியிருக்கிறார்" என்று கவலைப்பட்டார். ஒரு நிரலின் தலையில் எச்.ஆர். என்று இருந்தது. ஹவுஸ் றென்ற், வீட்டு வாடகைப் படி என்று கிளாக்கர் மூளை உடனே சொல்லிவிட்டது. கடைசி நிரலின் தலையில் பி.ஏ. என்று இருந்தது. மாமாவின் முகம் மலர்ந்தது.

"பி.ஏ. சாத்திரியார்! படிச்ச பெடியன்."

பிறகு அந்த நிரலை மேலிருந்து கீழே பார்த்தார். புள்ளி இருநூற்றுச் சொச்சம், மறு வருடம் அதைவிடக் கொஞ்சம் கூட, மறு வருடம் குறைவு. "ஒவ்வொரு வருசமும் எழுதியிருக்கிறார். பாஸ் பண்ணேல்லைப் போல. ஆனால் விடாமல் எழுதியிருக்கிறார்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டார். உங்களுக்குத் தெரியும், எச்.ஆர். என்றால் பந்தை வேலிக்கு வெளியே அடித்த ஹோம் றன் கணக்கு, பி.ஏ. என்றால் எத்தனை தரம் அடிக்கப் போனார், எத்தனை தரம் சரியாக அடித்தார் என்கிற சராசரி. மாமாவுக்கு அது எப்படித் தெரியும்?

சாத்திரியார் தலையை நிமிர்த்தினார். "பொருத்தம் நல்லாத்தான் இருக்கு. செவ்வாயும் செவ்வாயும் சமம். ஆனா ஊர் ஊராய் அலையிற சாதகம். காலிலை ஒரு வருத்தம் இருக்கும்." அவருக்கு அந்த முழங்கால் எப்படித் தெரிந்தது என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பெண் பார்க்கிற நாள். சின்னம்மா சேலை உடுத்த மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு, அணியின் நீலத் தொப்பியோடு அறைக்குள் இருந்தார். மத்தியானம் மட்ச், அந்த வருடத்தின் கடைசி உள்ளூர் மட்ச். கோட்டும் சூட்டுமாக மாமா மட்டும் தனியாக வந்தார். யூனியன்வில் ஆட்களைக் காணவில்லை. மாமா சோபாவில் இருந்துகொண்டு, கார்டை எடுத்து தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இவர் ஆர்?"

சின்னம்மாவின் முகம் முதலில் வெளுத்தது. படத்தைப் பார்த்ததும் தெளிந்தது. "உவரோ அண்ணை? உவர் லெஃப்ட் ஃபீல்டிலை நிக்கிறவர்."

"ஃபீல்டிலையோ? தோட்ட வேலையோ?"

"தோட்டமில்லை, புல்லு. புல்லிலை நிக்கிறவர்."

"நிண்டு?"

"பந்து வந்தால் பிடிப்பார்."

"வராட்டில்?"

"சும்மா நிப்பார்."

"அப்ப செக்கியூரிட்டிதான்" என்றார் மாமா அம்மாவைப் பார்த்து. "ஆள் எவ்விடம்?"

"தீவு."

"தீவெண்டு எனக்கும் விளங்கினது. வேதமெண்டபடியால் எங்கடை தீவுகளிலை ஊர்காத்துறையாத்தான் இருக்கவேணும். ஆரின்ரை மகன்?"

எனக்கு இதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "மாமா, உவர் பேஸ்போல் விளையாடுறவர்! ரீவியிலை வாறவர்! உது என்ரை கார்டு!"

அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு சின்னம்மா. சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரும்வரை சிரித்தார். மாமா கார்டைக் கையில் எடுத்து, கண்ணாடி போட்டும் கழற்றியும் பார்த்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ரெண்டு நாளா நான் நித்திரை கொள்ளேல்லை" என்றார் மெதுவாக. "வேதமெண்டாலும் பறவாயில்லை, வேலை நிரந்தரமில்லாட்டிலும் பறவாயில்லை, பிள்ளை ஆசைப்பட்டுட்டாள் எண்டு மனசைத் தேத்தி, யூனியன்வில் ஆக்களுக்குப் ஃபோன் அடிச்சு வரவேண்டாமெண்டும் சொல்லிப்போட்டன்."

சின்னம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. 

"அண்ணை, இவருக்கு ஓமெண்டு சொல்ல இருந்தனீங்களோ?"

"இருந்தனான்."

"இவரில்லை. ஆனா... ஒராள் இருக்கிறார். அவரும் வேதம்தான்."

அம்மா குசினி வாசலில் அப்படியே நின்றார். மாமாவின் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அவர் கத்துவார், அல்லது எழும்பிப் போய்விடுவார் என்று நான் சோபாவின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"ஆள் எங்கை?"

"கீழை. காருக்குள்ளை. எங்களை மட்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்தவர்."

"எவ்வளவு நேரமா நிக்கிறார்?"

"நீங்கள் வர முதலே வந்திட்டார்."

"அந்த வெய்யிலுக்கை மனிசரை நிக்க விட்டுட்டோ இஞ்சை சிரிச்சுக்கொண்டு நிண்டனீ?" மாமா எழும்பிக் கோட்டை இழுத்துவிட்டார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நானும் வாறன். கார்டிலை நிக்கிறவர், காருக்கை நிக்கிறவர், ரெண்டு பேரையும் பாத்தாப் பிறகுதான் கதை."

காரில் மாமா முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். றேடியோ அண்ணா சிவப்பு விளக்கு விழ முதலே பிரேக் பிடித்தார். உச்சித் தட்டுக்கு ஏறி, மாமா சின்னம்மாவுக்கும் றேடியோ அண்ணாவுக்கும் நடுவில் போய் இருந்தார். பொப்கோர்ன் பெட்டி அவர் மடியில். அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை. றேடியோ அண்ணாவுக்கு வியர்த்து வழிந்தது.

"ஏன் அடிச்சுட்டு பற்றைக் கீழை போடுறான்?" என்று மாமா அவரைக் கேட்டார்.

"அடிச்சாப் பிறகு அது தேவையில்லை அண்ணை."

"ம்."

இருவரும் கதைத்தது இவ்வளவுதான். மாமா கீழே லெஃப்ட் ஃபீல்ட்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் அந்த மனிதரைத் தங்கச்சியின் புருசனாக எண்ணி, அவருடைய காலுக்கும் படிப்புக்கும் வேலைக்கும் கவலைப்பட்டவர். அந்தப் பாசம் ஒரு தேத்தண்ணிக்குள் ஆறிவிடுமா? அவர் நொண்டுவதைக் கண்டு, "பாவம், கால் ஏலாது" என்று தனக்குள் சொன்னார். சின்னம்மா விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். மட்ச் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். 

அப்போதுதான் எதிரணிக்காரன் ஒருவன் ஓங்கி அடித்தான். பந்து எழும்பி, எங்கள் பக்கமாக, இடது மூலையை நோக்கி வந்தது. லெஃப்ட் ஃபீல்ட்காரர் திரும்பி, அந்தப் பழுதுபட்ட காலோடு பின்னுக்கு ஓடத் தொடங்கினார். சனம் எழும்பியது. மாமாவும் பொப்கோர்ன் சிதற எழும்பி, கையைத் தூக்கி, எனக்கு அதுவரை தெரியாத ஒரு குரலில் கத்தினார்.

"ஓடு மாப்பிளை! ஓடிப் பிடி மாப்பிளை!"

பக்கத்தில் றேடியோ அண்ணா துள்ளி எழும்பி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஓம் அண்ணை?"

மாமா திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு சின்னம்மாவைப் பார்த்தார். தூக்கிய கையை மெல்ல இறக்கி, றேடியோ அண்ணாவின் தோளில் வைத்து அமர்த்தினார்.

"ஓம், உம்மையுந்தான். இரும், இரும்."

லெஃப்ட் ஃபீல்ட்காரர் அந்தப் பந்தைப் பிடித்தாரா, விட்டாரா என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் வரிசையில் ஒருவரும் பார்க்கவில்லை.